மூன்றாவது கேள்வி

எதிர்க்கட்சி அலுவலகத்தில் கேள்வி எழுதுவது என் வேலை. பதினாறு வருஷமாக எழுதுகிறேன். எங்கள் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து முழங்குவதெல்லாம் என் மேஜையில் பிறந்தவைதான். சிலருக்கு அதைப் பார்த்துப் படிக்கவே மூச்சு வாங்கும்.

அந்த வாரம் எழுதியது என் தங்கைக்காக. அவள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஆக்சிஜன் குழாய் கசிந்து நான்கு பச்சிளம் குழந்தைகள் செத்துப்போயின. குழாய் கசிகிறது என்று அவள் அமைச்சகத்துக்கு மூன்று கடிதம் போட்டிருந்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை, நர்ஸின் அலட்சியம்தான் காரணம் என்றார் சுகாதார அமைச்சர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெள்ளிக்கிழமை அவளைக் கைது செய்யப்போகிறார்கள் என்று தகவல் வந்தது.

கடிதங்கள் வந்ததற்குச் சாட்சி அமைச்சகத்தின் தபால் பதிவேடு மட்டும்தான். சபையில் கேட்டால் அதை மேஜையில் வைத்தே ஆகவேண்டும். குலுக்கலில் எங்கள் கேள்விக்கு வியாழக்கிழமை, மூன்றாவது இடம் விழுந்தது. பெயரைக் கூப்பிடும்போது உறுப்பினர் இருக்கையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கேள்வி செத்தது.

"உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான்யா, கவலைய விடு" என்றார் எங்கள் கொறடா.

வியாழக்கிழமை நான் ஊழியர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்வி, பாலம். இரண்டாவது, விதைநெல். அது முடிகிற நேரத்தில் விவசாய அமைச்சர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எங்கள் தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மக்கள் கண்ணீர் விடும்போது அமைச்சருக்குச் சிரிப்பு வருகிறதா? வெளிநடப்பு செய்கிறோம்!"

அறுபத்திரண்டு பேரும் எழுந்து போனார்கள். என் கேள்வியைக் கையில் வைத்திருந்தவரும் போனார்.

"மூன்றாவது கேள்வி. உறுப்பினர் இல்லை. நான்காவது கேள்வி" என்றார் சபாநாயகர்.

தலைவர் கேன்டீனில் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருப்பா. 'ஆமா, கடிதம் வந்துச்சு, ரெண்டு அதிகாரிய சஸ்பெண்ட் பண்ணிட்டேன்'னு சுகாதார மந்திரி சொல்லிட்டா கைதட்டல் யாருக்கு? பிரச்சினை அன்னைக்கே முடிஞ்சிரும். தேர்தலுக்கு மூணு மாசம் இருக்கு, நாம எதை வச்சுப் பேசுறது?"

"அவ உள்ள போயிடுவாங்கய்யா."

"போகட்டுமே. நாம ஆட்சிக்கு வந்ததும் முதல் கையெழுத்து அவ விடுதலைக்குத்தான்."

முதல் கையெழுத்து என்ற அந்த வசனம் நான் எழுதியது. போன தேர்தலில், வேறு யாருக்காகவோ. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்குப் போனேன். துணிப்பை தயாராக இருந்தது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"கேள்வி என்னாச்சுண்ணே?"

"தள்ளி வச்சிருக்காங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

தெருவில் சத்தம் கேட்டது. போலீஸ் என்று நினைத்தோம். வந்தது எங்கள் கட்சிக்காரர்கள், ஒரு நாற்பது பேர். எதிர்ச் சுவரில் பசை தடவி வரிசையாகப் போஸ்டர் ஒட்டினார்கள். நர்ஸ் உடையில் தங்கையின் முகம், கீழே கொட்டை எழுத்தில் 'கைதைக் கண்டிக்கிறோம்'. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எனக்கு அசிங்கமாக இருந்தது.

"என்னை இன்னும் புடிக்கவே இல்லையே, அதுக்குள்ள கண்டனமா?" என்று அவள் தெருவில் இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயரும் தேதியும் போட்டிருப்பார்கள், சட்டம் அப்படி. அதை விரலால் தொட்டாள். "புதன்கிழமையே அடிச்சிருக்காங்கண்ணே."

அவள் விரல் மேலே, படத்துக்குப் போனது.

"இந்த போட்டோ உன் கல்யாணத்துக்கு முந்தி நீ எடுத்தது. உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஃபைல்ல வைக்கணும்னு கொறடா கேட்டாரு. குடுத்தேன்."

தெருமுனையில் ஜீப் திரும்பியது. கோஷம் கிளம்பியது. அவள் உள்ளே போய் மகளைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தாள். நான் கை நீட்டினேன்.

"பக்கத்து வீட்டு அக்காகிட்டப் போய் இரு, கண்ணு" என்று மகளிடம் சொன்னாள். "மாமாகூட மட்டும் போகாதே."