ஐந்து நாள் விடுப்பு

தாமரைக்கு ஐம்பத்தேழு வயதாகும் வரை, அவளுக்குத் தெரிந்த அப்பா ஈப்போ பக்கத்து லோரி டிரைவர். அவள் பிறப்பதற்கு முன்பே சாலை விபத்தில் செத்துப்போனவர். அவருக்குப் படம் இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை. அம்மா வீரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

தாமரையின் முடி மற்றவர்களுடையது போல் இல்லை. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினாலும் மத்தியானத்துக்குள் சுருண்டு எழுந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளியில் பிள்ளைகள் அவளை ‘ஆப்பிரிக்கா’ என்று கூப்பிட்டபோது வீரம்மா ஆசிரியரிடமே சண்டைக்குப் போனாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் பின்னிவிட்டாள். பின்னும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த முடி தாமரையின் மகள் மலருக்கும் வந்திருந்தது. மலர் செராஸில் ஒரு வங்கியில் வேலை செய்தாள். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஆர்வத்தில் அந்தக் குப்பியை அம்மாவுக்கும் சேர்த்து வாங்கிவிட்டாள்.

“எதுக்குலா இந்த வேலையெல்லாம்? நாம சேலத்து ஆளுங்க. அதான் தெரியுமே,” என்றாள் தாமரை.

“சும்மா துப்புங்கம்மா. வலிக்கவா போகுது?”

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, தாமரை கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மலர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. தாமரை முப்பது வருடமாக அந்த கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள்; கெட்ட செய்தி கேட்டவர்களின் முகம் அவளுக்குத் தெரியும்.

“அம்மா, உங்க அப்பா லோரி டிரைவர் இல்ல. அமெரிக்கர். கறுப்பர். உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்க. டெட்ராய்ட்ல. அவங்களும் இதே மாதிரி துப்பி அனுப்பியிருக்காங்க, ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு அவங்கதான் எழுதினாங்க.”

தாமரை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “எங்க அம்மா எங்க போய் அமெரிக்காக்காரன பார்த்தாங்க?” என்று கேட்டாள்.

தங்கையின் பெயர் டெனிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மறுநாள் காலை, அங்கே சனிக்கிழமை இரவு, அவள் வீடியோவில் வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நெற்றி, முன்பற்களில் ஒரே இடைவெளி. டெனிஸ்தான் முதலில் சிரித்தாள். தாமரையும் சிரித்தாள். பிறகு தாமரை திரையிலிருந்து விலகி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

தாமரைக்குத் தெரிந்தது கிளினிக்கில் பேசும் ஆங்கிலம். டெனிஸ் வேகமாகப் பேசியபோது மலர் தமிழில் எடுத்துச் சொன்னாள். அப்பாவின் பெயர் லெஸ்டர். பிறந்தது மிசிசிப்பியில், பருத்திக் காட்டில். லெஸ்டரின் அப்பா ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போனார். அந்த வாரமே ஊர் வெள்ளைக்காரர்கள் அவரை அடித்துப் போட்டார்கள். குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். லெஸ்டருக்கு அப்போது ஆறு வயது. குடும்பம் இரவோடு இரவாக ரயிலேறி வடக்கே, கார் தொழிற்சாலைகள் இருந்த டெட்ராய்டுக்கு வந்து சேர்ந்தது.

“பத்தொன்பது வயசுல பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. வியட்நாமுக்கு,” என்றாள் டெனிஸ். “அவர் அங்க துப்பாக்கி பிடிச்சிட்டு இருக்கிறப்ப இங்க எங்க தெரு எரிஞ்சிச்சு. அறுபத்தேழு ஜூலை கலவரம். போலீஸ் ஒரு பாரில் புகுந்ததுல ஆரம்பிச்சது. கடைசியில டாங்கி வந்து நின்னது. பாட்டி வீடு சாம்பலாப் போச்சு.”

“இங்கயும் எரிஞ்சிச்சு,” என்றாள் தாமரை. “அறுபத்தொன்பது மே மாசம், மலாய்-சீனக் கலவரம். எனக்கு ஒரு வயசு. அம்மா என்னைத் தூக்கிட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ்ல யார் வீட்டிலயோ போய் ஒளிஞ்சிருந்தாங்களாம்.”

டெனிஸ் அப்பாவின் கதையைத் தொடர்ந்தாள்.

திரும்பி வந்த லெஸ்டர் கார் தொழிற்சாலையில் சேர்ந்தார், கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார். எண்பதில் தொழிற்சாலையை மூடினார்கள். ஊரில் பாதி வீடுகள் காலியாயின. அவர் குடித்தார், பிறகு போதை மருந்து. எண்பத்தெட்டில் சின்னப் பொட்டலம் ஒன்றோடு பிடிபட்டார். அந்தக் காலத்துச் சட்டம் அந்தச் சின்னப் பொட்டலத்துக்குப் பதினாறு வருடம் கொடுத்தது.

“எனக்குப் பதினேழு வயசு. அவர் வெளிய வர்றப்ப எனக்கு முப்பத்து மூணு. உனக்கு மட்டும் அப்பா இல்லாமப் போனாருன்னு நினைக்காதே. எனக்கும் இல்ல.”

“இப்ப இருக்காரா?”

“இருக்காரு, முன்னாள் சிப்பாய்கள் இல்லத்துல. நுரையீரல் போச்சு. ஆனா புத்தி தெளிவா இருக்கு.”

அவர் உயிரோடு இருப்பார் என்று தாமரை நினைக்கவே இல்லை. அன்று சமைத்ததில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. மலர் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

வீரம்மாவோடு வேலை செய்தவர்களில் ஒருத்தி மட்டும் உயிரோடு இருந்தாள். சீதாலெட்சுமி, கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் எண்பத்து நான்கு வயதில் படுத்திருந்தாள். தாமரையும் மலரும் கொமுட்டர் ரயிலில் போனார்கள். தாமரை படுக்கையோரம் உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

“பெரியம்மா, அம்மாவுக்கு அமெரிக்காக்காரன் ஒருத்தன தெரியுமா?”

சீதாலெட்சுமி அவள் முடியைப் பார்த்தாள்.

“யாரு சொன்னா?”

“சோதனை பண்ணினோம். தெரிஞ்சிருச்சு.”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவ கையில சத்தியம் பண்ணேன்டி. சரி விடு. அவளே போயிட்டா.” கிழவி தலையணையில் சாய்ந்துகொண்டாள். “புக்கிட் பிந்தாங்கில ஒரு ஹோட்டல். நாங்க அங்க துணி தேய்க்கிற ஆளுங்க. சண்டையிலேருந்து சோல்ஜருங்க பஸ்ஸு பஸ்ஸா வருவானுங்க. அஞ்சு நாள் லீவு. குடிப்பானுங்க, கும்மாளம் போடுவானுங்க, திரும்பிப் போவானுங்க. இந்தப் பையன் மட்டும் எங்க ரூமுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். வெள்ளக்காரனுங்க ஒரு பாருக்குப் போவானுங்க, இந்தக் கறுப்பனுங்க வேற பாருக்குப் போகணும். இங்க வந்தும் அப்படித்தான். இவனுக்கு ரெண்டும் புடிக்கல.”

“அம்மாவ ஏமாத்திட்டானா?”

“ஏமாத்துற மூஞ்சி இல்லடி அது. சின்னப் பையன். பேப்பர்ல அவன் ஊரு எரியிற படம் வந்திருந்துச்சு. ரோட்டுல டாங்கி நிக்கிது. அத கையில வச்சிக்கிட்டு அழுதான். உங்கம்மாவுக்கு இங்கிலீசு அரகொற. அவன் சொன்னது புரிஞ்சிச்சோ என்னமோ, அவளும் கூட உக்காந்து அழுதா.”

“அப்புறம்?”

“கடைசி நாளு, நான் போகல, இங்கயே இருந்துக்கறேன்னான். எங்கயாச்சும் ஒளிச்சு வைன்னு கெஞ்சினான். ரப்பர் எஸ்டேட்டுக்குப் போயி பால்மரம் வெட்டறேன்னான். உங்கம்மா ஒரு ராத்திரி யோசிச்சா. அந்த மூஞ்சிய இந்த ஊருல எங்கடி ஒளிக்கிறது? ஆறடி உயரம். புடிச்சா ஜெயிலு, அவளுக்கும் வேல போகும். போயிருன்னு சொல்லிட்டா. பஸ்ஸுல ஏறிட்டான். திரும்பிப் பாக்கல. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் நீ வயித்துல இருக்கறது அவளுக்கே தெரிஞ்சிச்சு.”

மலர் கேட்டாள், “அவருக்குத் தெரியுமா பாட்டி, குழந்தை வந்தது?”

“எப்படித் தெரியும்? உங்க பாட்டிக்கு அவன் பேரு ஒன்னுதான் தெரியும். சண்டையில செத்துப் போயிருப்பான்னு நினைச்சா. அதான் தாமரைகிட்டயும் செத்துட்டான்னு சொன்னா. பாதி பொய்தான் அது.”

ரயிலில் திரும்பும்போது தாமரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அம்மா போகச் சொன்னாள், அவர் போனார். இதில் யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் அவருக்குச் சொல்ல ஆசைப்பட்டாள். அம்மா மனதில்லாமல்தான் போகச் சொன்னாள். அதை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும்.

அவரோடு பேச வைக்க டெனிஸ் உடனே ஒப்புக்கொண்டாள். அடுத்த ஞாயிறு காலை தாமரை தலைக்குக் குளித்து, நீலப் புடவை கட்டி, முடியைப் பின்னாமல் விட்டாள். பேச வேண்டியதை ஆங்கிலத்தில் மலரோடு சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் இருபது வயதுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டாள்.

திரையில் ஒல்லியான கிழவர் வந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். டெனிஸின் கை போனைப் பிடித்திருந்தது.

“அப்பா, நான் சொன்னேனே, இவதான் தாமரை.”

“குட் ஈவினிங், சார்,” என்றாள் தாமரை. மனப்பாடம் செய்ததில் அதற்கு அடுத்தது மறந்துபோனது. படத்தைத் தூக்கிக் காட்டினாள். “எங்க அம்மா. வீரம்மா. கோலாலம்பூர் ஹோட்டல். துணி தேய்ப்பாங்க.”

லெஸ்டர் படத்தைப் பார்த்தார். பிறகு தாமரையைப் பார்த்தார். அவர் கை போர்வையைப் பிடித்துக்கொண்டதைத் தாமரை கவனித்தாள்.

“நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல,” என்றார்.

“அப்பா!” என்றாள் டெனிஸ். “சோதனையில வந்திருக்கு.”

“நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல.”

தாமரை அவசரமாகச் சொன்னாள், “சார், எனக்கு ஒன்னும் வேணாம். எங்கம்மா உங்களைப் போகச் சொன்னது, மனசு வந்து சொல்லல. அதை மட்டும்...”

கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார். குரல் தணிந்திருந்தது, மரியாதையாகவே பேசினார். “அம்மா, நான் கைவிட்டவங்க ஏற்கெனவே நிறைய பேரு. எங்கம்மா, என் பெண்டாட்டி, இதோ நிக்கிற இந்தப் பொண்ணு, அதுக்குத் தம்பி, வியட்நாம் காட்டுல விட்டுட்டு வந்த பயலுங்க. இன்னொரு ஆளச் சுமக்க எனக்குத் தெம்பில்ல. நான் உங்க ஊருக்கு வரல. வந்ததே இல்ல.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன் ஆடியது. தரை தெரிந்தது, பிறகு டெனிஸின் செருப்பு, பிறகு ஒன்றும் இல்லை.

மலர் கத்தினாள். “பொய் சொல்றாரு! மூஞ்சியிலயே தெரியுது. திருப்பிக் கூப்பிடுங்கம்மா!”

“விடுலா,” என்றாள் தாமரை. “தெரியாமலா சொல்றாரு?”

புடவையை மாற்றிக்கொண்டு, துணி துவைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு டெனிஸ் இரண்டு தடவை அவரிடம் பேசிப் பார்த்தாள். முதல் தடவை அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது தடவை, இனி அந்தப் பேச்சை எடுத்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் அவர் மூச்சு நின்றது.

இறுதிச் சடங்கின் வீடியோவை டெனிஸ் அனுப்பிவைத்தாள். மறுநாள் காலை தாமரை வேலைக்குப் போகுமுன் அதைப் பார்த்தாள். தேவாலயத்தில் முப்பது பேர் இருக்கும். இரண்டு சிப்பாய்கள் கொடியை முக்கோணமாக மடித்து டெனிஸின் தம்பியிடம் கொடுத்தார்கள். போதகர் லெஸ்டரின் வாழ்க்கையைச் சொன்னார். மிசிசிப்பி, டெட்ராய்ட், நாட்டுக்குச் செய்த சேவை. கடைசியில் பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார். இரண்டு பெயர்கள். தாமரை மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். போதகர் தாளை மடித்தார், பாட்டு ஆரம்பித்தது.

டெனிஸ் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவே மறுத்துவிட்ட பிறகு நாம் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டானாம்.

“தம்பி சொல்றதும் சரிதான்,” என்றாள் தாமரை. பிறகு, பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். “அவரு இருந்த ரூமுல சாமானெல்லாம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். உனக்காகவே பார்த்தேன். ஒவ்வொரு சட்டைப் பையையும் தேடினேன். பெட்டி, அலமாரி, மெத்தைக்கு அடியில.”

“ஒன்னும் இல்லையா?”

“ஒன்னும் இல்ல, அக்கா. ஒரு படம்கூட இல்ல. பட்டாளத்துல இருந்ததுக்கே ஒன்னும் வச்சுக்கல.”

டெனிஸ் அழுதாள். தாமரை அழவில்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் அழுது முடிக்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அதன் பிறகு அவர்களுக்குப் பேச அதிகம் இல்லை. அமெரிக்காவில் கொண்டாடும் நன்றி சொல்லும் நாளுக்கு டெனிஸ் சமைத்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். பொங்கலுக்குத் தாமரை படம் அனுப்பினாள். அடுத்த அழைப்பில் இருவரும் அங்கே பனி, இங்கே மழை என்று பேசினார்கள். பிறகு யார் முதலில் போனை வைப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று மலர் ஒரு தடவை சொன்னாள். “யாரைப் பார்க்க?” என்று தாமரை கேட்டாள். மலர் மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு டெனிஸிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தாமரையும் அனுப்பவில்லை.