பாதிக்குழி

வீட்டுத் தென்னந்தோப்பில் இடுப்பளவு குழிக்குள் நின்றபடி மோகனன் கையை நீட்டினார். ஜெபமலர் குனிந்து பால் விடாத கட்டன்சாயாவைக் கொடுத்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே, சாயாவும் அவர் மனைவி ஸ்ரீகுமாரி போட்டு அனுப்பியதுதான். செத்தவரின் சொந்தக்காரர் குழி வெட்டக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர்தான் வெட்டவேண்டும். ஜெபமலரின் அப்பா ஞானையனுக்கு வெட்ட, யாரும் போய்க் கூப்பிடாமலே மோகனனும் மகன் அபிஜித்தும் விடிந்ததும் வந்துவிட்டார்கள்.

"மாமனுக்கு ஒயரம் உண்டு மக்கா. இன்னும் ஒரு சாண் நீட்டணும்."

"நீட்டுங்க மோகனண்ணா. அப்பா காலை மடக்கிக் கெடக்கப்பிடாது."

அப்போது தமிழ்நாட்டு எல்லைப் பக்கமிருந்து இரண்டு வேன்கள் வந்து நின்றன. வெள்ளை வேட்டி கட்டிய இளவட்டங்கள் இறங்கினார்கள். ஒரு முகம்கூட அவளுக்குத் தெரியாது. நாகர்கோவிலில் இருக்கும் தம்பி சுதீஷ் ஓடிப்போய் வரவேற்றான்.

"எலே, யாருலே இவங்க?"

"எல்லை மீட்புக்காரங்கக்கா. அப்பா குண்டடி பட்ட ஆளுன்னு நான்தான் வாட்ஸாப்ல போட்டேன். மரியாதை செய்ய வந்திருக்காங்க."

தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று இந்தப் பக்கத்துத் தமிழர்கள் போராடிய காலத்தில், மீசை முளைக்காத ஞானையனின் தொடையில் போலீஸ் குண்டு பாய்ந்தது. அவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர் மலையாளியான மோகனனின் அப்பா. பிறகு எல்லை பிரித்தார்கள், அவர்கள் ஊரான பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தக் கதையை யாராவது கிளறினால், "கால் வலிக்கி, விடு" என்று ஞானையன் எழுந்து போய்விடுவார்.

வந்தவர்கள் இரண்டு தென்னைகளுக்கு நடுவே பேனர் கட்டினார்கள். 'இழந்த மண்ணை மீட்போம்.' அதில் ஒரு வரைபடம். பாறசாலை, கொல்லயில், நெய்யாற்றின்கரை வரைக்கும் ரத்தச் சிவப்பு. தலைவர் மாதிரி இருந்தவன் மைக்கைப் பிடித்தான்.

"இந்தக் குழிதான் நம்ம எல்லைக்கல்!"

அபிஜித்துக்குத் தமிழ் வாசிக்க வராது. படத்தைப் பார்க்க எழுத்து எதற்கு?

"அச்சா, நம்முடெ வீடும் சுவப்பிலாணல்லோ."

தன் வீடும் சிவப்புக்குள் இருந்த அந்தப் பேனரை மோகனன் ஏற இறங்கப் பார்த்தார். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஏறினார்.

"வீடு வரைக்கும் போயிட்டு வாறேன் மக்கா."

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. மண்வெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டார். திரும்பி வருகிறவன் மண்வெட்டியை எடுத்துப்போவானா?

"போனா போகட்டும்கா, நம்ம பசங்க வெட்டுவாங்க" என்றான் சுதீஷ்.

"நாளைக்கு நீ பஸ் ஏறிப் போயிருவ. இங்க கெடக்கப்போறது நானாக்கும். பாவி, அப்பா வாயைக் கட்டி வச்சிருந்த விசயத்த ஊருக்கெல்லாம் வெளம்பிட்டியே!"

வந்தவர்கள் அப்பாவின் பெட்டியின்மேல் தங்கள் கொடியைப் போர்த்தினார்கள். ஒருவன் வீட்டு மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கி நாலு கொத்து கொத்தினான், வீடியோ எடுத்து முடிந்ததும் ஏறிவிட்டான். களியக்காவிளையில் வேறு கூட்டம் இருக்கிறதாம். வேன்கள் போய்விட்டன.

ஜெபமலர் பேனரை அறுத்துச் சுருட்டினாள், கொடியை உருவினாள், மோகனன் வீட்டுக்கு ஓடினாள். பகலில் ஒருநாளும் சாத்தாத கதவு சாத்தியிருந்தது. ஸ்ரீகுமாரி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்.

"அவருக்குத் தலவேதனையாக்கும்."

"அக்கா, அப்பா பெட்டியில கெடக்காரு."

"அபிஜித்தின்ற கூட்டுகாரு கோவத்தில வாறாங்க. வீடியோ கண்டாச்சு. நீ போயிரு ஜெபே, உள்ள இரி."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவள் திரும்பி வந்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"அக்கா, நாம வெட்டப்பிடாதுல்லா!" சுதீஷ் குழிக்கரையிலேயே நின்றான்.

"நீயும் எறங்குலே."

மண் இறுகிக் கிடந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. அவள் நிமிராமல் கால்மாட்டில் அந்த ஒரு சாணை வெட்டிக்கொண்டிருந்தாள்.