தையல்காரி போன இடம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது எங்கள் போதகர். குளிர்காலத்தில் மூன்று சபைகள் சேர்ந்து வேலை செய்தோம்; அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள், மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டுமாம். இப்படித் தொடங்கினேன்:

பனி கொட்டிய அந்த மாலையில் அன்பின் கதகதப்பு...

அடித்துவிட்டேன். அன்று எனக்கு இருந்தது பயம்தான்.

2

ஏற்பாடு நல்ல ஏற்பாடு. வீடில்லாத குடும்பங்கள் எங்கள் சபைக் கூடத்தில் தங்கும். சமையல் ஒரு சபை, கம்பளியும் வேனும் இன்னொரு சபை. மெத்தை விரிப்பது என் வேலை. ஹீட்டர் பக்கத்து மூலையை ஒரு தையல்காரிக்கும் அவள் மகளுக்கும் ஒதுக்கினேன். அவள் உட்காரவில்லை.

"கம்பளி எந்தச் சபையிலருந்து வருதுக்கா?"

சொன்னேன். கழற்றிய கோட்டை மகளுக்கு மறுபடி மாட்டத் தொடங்கினாள்.

"என் வீட்டுக்காரர் பாடுற சபை அது. அவருக்குப் பயந்துதான் ஓடி வந்தேன்."

(அவள் தையல்காரி இல்லை. மகள் என்பது மகனாகவும் இருக்கலாம். காரணம் பின்னால் வருகிறது.)

3

கம்பளி வேனில் வந்தவர் அவள் கணவரின் தம்பி. அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கம்பளிக் கட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி."

"சொல்லிடுவீங்களா தம்பி?"

"நானா சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அப்ப நான் எங்க போறேன்னு பார்க்காதீங்க. வேனை எடுத்துட்டுக் கிளம்புங்க."

குழந்தைக்கு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

4

சமையல்காரம்மா யாரையும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தார்.

"பிள்ளையத் தூக்கிக்கோம்மா. என் கார் பின்னால நிக்குது."

சூப் அரைவேக்காட்டில் கிடந்தது. அவர்கள் போன சிறிது நேரத்தில் கூடத்துத் தொலைபேசி அடித்தது. மிகவும் மரியாதையான ஆண் குரல்.

"ஒரு அம்மாவும் குழந்தையும் அங்க வந்தாங்களா சிஸ்டர்?"

"இல்லைங்களே" என்றேன். எனக்குப் பொய் சரளமாக வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வாசல் கதவைத் தாழிட்டேன்.

5

முடிவு எங்கே என்கிறார் போதகர். கார் ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதாக ஒரு முடிவு எழுதினேன். தாண்டாததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். மலர் மூன்று சபைக்கும் போகும். பாடகர் குழுவுக்கும் போகும். இதை இப்போது படித்துக்கொண்டிருப்பது அவள் கணவராகவும் இருக்கலாம். தொழிலை, உறவை, வேனை எல்லாம் மாற்றிவிட்டேன். அப்படியும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகவே மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். உங்கள் தெருவுக்கு ஒரு தாயும் குழந்தையும் புதிதாகக் குடிவந்திருந்தால், எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டுக்காரர் எங்கே என்றெல்லாம் கேட்காதீர்கள். வீட்டில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.