ஏழில் நிற்காத நெஞ்சுவலி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் கடைக்குப் பேண்டேஜ் துணி வாங்க வந்த டாக்டர் அனுசியா, பில் போடும் நேரத்தில் சொன்னது. துணி விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்து, கதையை வாங்கிக்கொண்டேன்.

அனுசியா ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கல்லூரியின் பெயர் வேண்டாம். (அவர்களும் நம்மிடம்தான் துணி எடுக்கிறார்கள்.)

2

தொடக்கம் பிடிபடவில்லை.

"மருத்துவக் கல்வியில் புதுமையான கற்பித்தல் முயற்சிகளுக்கு நிதி கிடைப்பதென்பது" – இது அறிக்கை. அடித்தாயிற்று.

"பிச்சையம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது" – உண்மையாகவே ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். ஆகவில்லை. நடித்தார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து நோயாளியாக நடிக்கப் பழக்குவது, மாணவர்கள் அவர்களிடம் கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்வது. இதுதான் அனுசியாவின் திட்டம். இப்படிப்பட்ட முயற்சிகளுக்குப் பணம் தரும் அறக்கட்டளை ஒன்றிலிருந்து சங்கரலிங்கம் என்பவர் ஒத்திகை பார்க்க வந்தார். அவர் சரி என்றால் திட்டம் உண்டு. இல்லையென்றால் பிள்ளைகள் பழையபடி வார்டுக்குப் போய், நிஜமாக வலியில் துடிக்கிறவரிடம் தப்புத்தப்பாகக் கேட்டுப் பழகவேண்டியதுதான்.

3

நடிக்க இரண்டு பேர். வீரணன், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிச்சையம்மாள், கூமாப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் மாங்காய் விற்பவர். இருவருக்கும் ஒரே நெஞ்சுவலி. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் ஏழு என்று சொல்லவேண்டும். வேர்த்ததா, கை இழுக்கிறதா என்று கேட்டால் ஆமாம். கேட்காவிட்டால் பேசக்கூடாது.

வீரணன் எந்தப் பிள்ளை கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து "ஏழு" என்றார். (நெஞ்சுவலிக்காரர் அப்படி நிமிரமாட்டார். போகட்டும்.) வேர்வையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்தது பிச்சையம்மாள். எதிரே விக்னேஷ்வரன் என்ற மாணவன்.

"பத்துக்கு எவ்வளவும்மா வலி?"

"நீங்க ஒரு மதிப்புச் சொல்லுங்க தம்பி."

"நான் எப்படிம்மா சொல்றது? வலி உங்களுக்கு."

"பாத்தா தெரியலையா? சும்மா சொல்லுங்க."

"ஒரு... நாலு?"

பிச்சையம்மாள் சேலைத் தலைப்பை உதறி எழுந்திருக்கப் பார்த்தார். "நாலுக்கு வலிக்கதுக்கா பஸ் ஏறி வந்தேன்? அதுக்கு வீட்டுலயே கெடந்திருப்பேனே. ஒம்பதுக்குக் கொறஞ்சு கெடையாது."

"அஞ்சு வச்சுக்கலாம்மா."

"செத்த நேரம் முன்னாடி வேர்த்து ஊத்துச்சே, அத நீங்க சேக்கவே இல்லையே."

"வேர்த்துச்சா? கை ஏதும் இழுக்குதா?"

"எடது கை. எம்புட்டு இழுக்குங்கீங்க."

"அப்போ எட்டு."

"எட்டு. ஒங்க மொகத்துக்காக."

அடுத்து வந்த மாரீஸ்வரி, கூமாப்பட்டிக்குப் பக்கத்து ஊரான வத்திராயிருப்புக்காரி. ஆறிலேயே முடித்துவிட்டாள். "புள்ள கெட்டிக்காரி" என்று பிச்சையம்மாளே பாராட்டினாராம்.

4

சங்கரலிங்கத்தை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு கோணல் சிரிப்புக்கூட வைத்தேன். ஒட்டவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது இது:

"டாக்டர், நாளைக்கு இதை வச்சுத்தான் பரீட்சையும் நடத்துவீங்க. ஒரே நோயாளி ஒருத்தனுக்கு எட்டு, ஒருத்திக்கு ஆறு. மார்க் எப்படிப் போடுவீங்க? பேசத் தெரியாத பிள்ளை ஃபெயிலா? வீரணன் மாதிரி ஆளா எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"சார், ஓ.பி.க்கு வர்றவங்க எல்லாரும் இந்த அக்கா மாதிரிதான் வருவாங்க."

"ஓ.பி.க்கு வரட்டும். பரீட்சைக்கு வரவேண்டாம்."

எனக்கு அவர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. பேரம் தெரியாத பிள்ளை தோற்கக்கூடாது. பேரம் தெரியாத டாக்டரிடம் நான் போவேனா? போகமாட்டேன். ஆக, நான் எந்தப் பக்கம் என்றால்

(இந்த வாக்கியத்தை நாலு நாளாக முடிக்க முடியவில்லை.)

அனுசியா பிச்சையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டும் கெஞ்சியிருக்கிறார். "அக்கா, ஏழுன்னு மட்டும் சொல்லிருங்க."

"கேட்டதும் சொல்லிட்டா எவன் நம்புவான் டாக்டரம்மா? நானே நம்பமாட்டேன்."

5

முடிவு ஒன்று: சில நாள் கழித்துப் பிச்சையம்மாளுக்கு நிஜமாகவே நெஞ்சு வலிக்கிறது, விக்னேஷ்வரன் காப்பாற்றுகிறான். எழுதினேன். எனக்கே கைதட்டல் கேட்டது. கிழித்தேன்.

முடிவு இரண்டு: ஊர் திரும்பும் வழியில் சங்கரலிங்கத்துக்கே வலி வந்து – வேண்டாம், பாவம் மனுஷன்.

மூன்றாவது, கடைக்காரன் யோசனை. அன்றைக்கே கல்லாவிலிருந்து கேட்டேன். "பரீட்சைக்கு வீரணன், பழகறதுக்குப் பிச்சையம்மாள்னு வச்சா என்னங்க?"

அனுசியா சிரித்தார். "பரீட்சைக்கு யார் வருவாங்கன்னு தெரிஞ்சா, பிள்ளைங்க அவர்கிட்ட மட்டுந்தான் போய் உக்காருவாங்க அண்ணாச்சி."

யோசனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு துணியைக் கட்டினேன்.

6

அவர் கடைசியாகச் சொன்ன வரைக்கும் எழுதுகிறேன்.

சாயங்காலம். உள்ளே சங்கரலிங்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பிச்சையம்மாளை அனுப்பி வைக்க அனுசியா வாசலுக்கு வருகிறார். வத்திராயிருப்பு பஸ் நிற்கிறது. பிச்சையம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

"டாக்டரம்மா, நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா? வரணும்னா மாங்காய எங்க மதினிகிட்ட தள்ளி விட்டுருவேன். வேண்டாம்னா காலைல வெள்ளன தோப்புக்குப் போணும். இழுக்காமச் சொல்லிருங்க."

இந்த இடத்தில் பில் வந்துவிட்டது. அனுசியா துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போனில் கேட்டிருக்கலாம். நம்பர் இருக்கிறது. கேட்கவில்லை. அவர் சொன்ன பதிலை எழுதினால் அது அவருடைய பதிலாகிவிடும். நான் ஒன்றை எழுதினால் அதை அடுத்த நாளே அடித்துவிடுகிறேன். ஆறு தடவை "வாங்கக்கா" என்று எழுதினேன், ஆறு தடவை "வேண்டாங்கக்கா" என்று மாற்றினேன்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பிச்சையம்மாள் இன்னும் உள்ளே ஏறவில்லை. அனுசியாவும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை என்றதும், அந்த அம்மா இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.

சொல்லி அனுப்புங்கள்.