மாயவன் நம்பரில் எட்டுப் பேர்

கள்ளக்குறிச்சியில் பதினேழு வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் வரிசை எண், பெயர், ஊர், போன் நம்பர், இரண்டு கண்ணின் பவர். கண்ணாடி உடைந்து வந்தால் அட்டையைப் பார்த்து அதே பவரில் மாற்றிக் கொடுப்பேன். போன மழையில் இரண்டு பெட்டி அட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. என் மனைவி லூசி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. இல்லன்னா கடைய மூடிட்டு வூட்ல உக்காருங்க."

எதில் ஏற்றுவது என்பதில்தான் எனக்கு நிம்மதி போயிற்று.

சேலத்திலிருந்து பிரவீன்குமார் என்பவர் ஒரு கம்பெனி சாப்ட்வேரைக் கொண்டு வந்தார். வருடச் சந்தா. என்ன கேட்டாலும் "ஆமா சார்" என்றார். எதற்குமே இல்லை என்று சொல்லாதவரிடம் நான் துணிகூட எடுத்ததில்லை.

வடக்கனந்தலில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சந்தியா, ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் போதும் என்றாள். அதன் உள்வேலையை யாரும் திறந்து பார்க்கலாம், தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். விலை கிடையாது. அமைத்துக் கொடுக்க அவளுக்கு இரண்டு நாள் கூலி மட்டும்.

"சும்மா குடுக்கறவன் யாரும்மா?"

"பல நாட்டு ஆளுங்க சேந்து எழுதறாங்க சார்."

"அவங்களுக்கு இன்னா வருது?"

"அவங்களுக்கும் அது வேணும். அதான் எழுதறாங்க."

"ரிப்பேர் ஆனா யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க."

"நீ கல்யாணம் கட்டிக்கினு பெங்களூரு போய்ட்டா?"

"மாப்பிள்ள பாத்து வெச்சிருக்கீங்களா சார்?"

லூசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை கேட்காதவர் வேறு எதையோ கேட்கப்போகிறார் என்றே தோன்றியது.

இரண்டையும் சோதிக்க ஒரு வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம் மலைமேல் இருக்கும் கரியாலூரில் கண் பரிசோதனை முகாம் போட்டு முப்பத்தோரு பேருக்கு அட்டை எழுதியிருந்தேன். மாலை ஐந்து மணிக்குள் லென்ஸ் ஆர்டர் சேலத்துக்குப் போக வேண்டும், அடுத்த ஞாயிறு மலையில் கண்ணாடி கொடுக்க வேண்டும். பவர் மாறிப்போனால் மலையாட்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். கண்ணாடியைக் கூரையில் செருகிவிட்டு, என் கடைப் பக்கமே வராமல் இருந்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

காலையில் முப்பத்தொன்றையும் நானே இரண்டு சாப்ட்வேரிலும் அடித்தேன். கம்பெனி சாப்ட்வேர் ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்டது. சந்தியாவுடையது நடுநடுவே சிவப்பில் ஏதோ இங்கிலீஷ் வரியைக் காட்டியது. புரியவில்லை என்று அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க வெட்கப்பட்டு, ஓகேவை அழுத்திக்கொண்டே போனேன்.

மதியம் இருவரையும் வரவழைத்து, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"இருபத்து நாலு சார்" என்றார் பிரவீன்குமார்.

"இருபத்து நாலு" என்றாள் சந்தியா.

இருவரும் பேசிவைத்துக்கொண்டார்களா?

"ஏழு பேர் எங்கய்யா?" என்றேன்.

அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய லூசிதான் கண்டுபிடித்தாள். எட்டு அட்டைகளில் ஒரே போன் நம்பர். கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாயவனுடையது. உள்ளே இருக்கும் ஊர்களில் டவர் எடுக்காது. யார் கேட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் மாயவன் நம்பரைத்தான் சொல்வார்கள், அவர் ஆள் விட்டுத் தகவல் சொல்லுவார். இரண்டு சாப்ட்வேரும் ஒரு நம்பருக்கு ஓர் ஆள் என்று வைத்திருந்தன. கம்பெனியுடையது பச்சை டிக் போட்டுக்கொண்டே ஒருவர்மேல் ஒருவரை எழுதி, கடைசியாக வந்த இருசம்மாளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. சந்தியாவுடையது முதல் ஆளை வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேரையும் ஏற்க முடியாது என்று சிவப்பில் சொல்லியிருந்தது. நான்தான் ஓகே போட்டிருந்தேன்.

"நானும் தப்பாத்தான் வெச்சிட்டேன் சார்" என்றாள் சந்தியா. "ஆளுக்கு ஒரு போன்னு நெனச்சிட்டேன்."

அவள் ஒரு வரியை அழித்து, அட்டை எண்ணை அடையாளமாக வைத்தாள். ஐந்து நிமிடம். விட்டுப்போன ஏழையும் அடித்தேன். முப்பத்தொன்று.

பிரவீன்குமார் கம்பெனிக்குப் போன் போட்டு, கடை வாசலில் நடந்துகொண்டே பேசினார். "அடுத்த வெர்ஷன்ல வந்துரும் சார்."

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆர்டர் போவணும். சரி, இதுல இருக்கறத காப்பி பண்ணி லூசி லேப்டாப்ல தொறந்து காட்டுங்க."

"அங்க லைசென்ஸ் இல்லாம தொறக்காது சார்."

"என் அட்டைய நான் பாக்க உங்க லைசென்ஸா?"

முதல்முறையாக ஆமா சார் என்று சொல்லாமல் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்படியும் சந்தியாமேல் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு வரியை மாற்றுகிறவள், நான் இல்லாதபோது எதைத்தான் மாற்றமாட்டாள்? அவளை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் எழுதிக் கொடுத்திருந்த முறைப்படி நானே எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்தேன். லூசியின் லேப்டாப்பில் அதே டேட்டாபேஸைக் காசில்லாமல் இறக்கிப் போட்டுத் திறந்தேன். திறந்தது. முப்பத்தோரு பவரையும் அட்டையோடு விரல் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் சரி. நாலே முக்காலுக்கு ஆர்டரை அனுப்பினேன்.

திரும்பி வந்த சந்தியா, "பாஸ்வேர்டு ஒண்ணு போட்டுடுங்க சார்" என்றாள்.

"அந்தப் பக்கம் திரும்பும்மா."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

"இன்னாங்க," என்றாள் லூசி, "வாய்விட்டுச் சொல்லிக்கினே அடிக்கறீங்க. ரோட்ல போறவனுக்கும் கேக்குது."

சந்தியாவின் தோள் குலுங்கியது. நான் அதை அழித்துவிட்டு, லூசியையும் சந்தியாவையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.