தப்பான வகுப்பில் ஒரு வாரம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கைப்பேசியில் கண் இருக்க, எதிரே வருவது மனுஷனா தூணா என்று தெரிவதில்லை. மோதிவிட்டுத் தூணைத்தான் முறைப்பார்கள். கல்லூரியில் வகுப்பறைகளைத் திறந்து பூட்டுவது என் வேலை. பக்கத்தில் இருப்பவளை விட்டுவிட்டு எங்கோ இருப்பவளுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கேட்டால் சிநேகிதமாம்.

புது வருஷம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். இயற்பியல் அம்மா என்னைக் கூப்பிட்டார். தன் வகுப்பில் சேர்ந்த பெண் ஒருத்தி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, இன்றும் வராவிட்டால் அவள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், எங்காவது தென்படுகிறாளா பார் என்று பெயரைச் சொல்லி அனுப்பினார். அறை அறையாகப் போய் அந்தப் பெயரைக் கத்தினேன். வணிகவியல் அறையிலும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் மூன்றாம் பெஞ்சில் ஒருத்திக்கு முகம் வெளிறிப் போனது.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே அவளே வந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முதல் நாள் கூட்டத்தில் அறை மாறி உட்கார்ந்துவிட்டாளாம். அந்த வகுப்பில் முதல் வாரம் பெயர் கூப்பிடுவதில்லை. அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாளே தவறு தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சும் ஏம்மா போகல?"

"பக்கத்துல உக்கார்றவ எனக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தா தாத்தா. இதுவரைக்கும் யாரும் எனக்கு இடம் பிடிச்சதில்ல."

படிப்பே கைவிட்டுப் போகிறது, இவளுக்குப் பெஞ்சு பெரிதாகிவிட்டது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மூடிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து இயற்பியல் வகுப்புக்குள் தனியாக நுழையக் கால் வராது, அதற்கு வீட்டுக்கே போய்விடலாம் என்றாள்.

அதற்குள் அந்தப் பெஞ்சுக்காரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். சரியான லொடலொட வாய். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, நேத்து வரவுசெலவுக் கணக்கை எனக்கே சொல்லிக் கொடுத்தியேடி."

சிரித்து முடித்ததும் இவள் கையைப் பிடித்துத் தரதரவென்று மாடியிலிருந்த இயற்பியல் வகுப்புக்கு இழுத்துப் போனாள். வழி காட்ட நானும் போனேன். அம்மா இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் உள்ளே நுழைந்தாள்.

"இவ உங்க ஆளு. ஒரு வாரம் நாங்க வெச்சிருந்தோம். அதிகம் பேச மாட்டா, பத்திரமா பாத்துக்குங்க."

அறை கொல்லென்று சிரித்தது. இவளுக்குத் தலை மார்பில் புதைந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் உட்காரச் சொன்னார். கண்ணாடி போட்ட ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். இவள், ஒரு வாரப் பாடம் போய்விட்டதே என்று முணுமுணுத்தாள்.

"நீ ஒண்ணும் விட்டுடல. இங்க இருந்த எங்களுக்கே எதுவும் புரியல" என்றாள் கண்ணாடிக்காரி.

இவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. வாயாடி வாசலில் நின்று, சாப்பாட்டு வேளைக்கு வருகிறேன் என்று சைகை காட்டினாள். வருவாளாம். ஒரு மாசம் போகட்டும், ஆளுக்கொரு கூட்டம் சேர்ந்துகொண்டு யாரோ எவரோ என்று போவார்கள். நான் எத்தனை பார்த்திருக்கிறேன். கீழே நூலகம் திறக்க நேரமாகிவிட்டது. நடையைக் கட்டினேன்.