இடது பக்கம் ஸ்டீயரிங், வலது பக்கம் நான்

எங்கள் காரை என் புருஷன் எவெலியோ விற்கப் போகிறான் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் ஷூவுக்குப் பூசும் வெள்ளைப் பாலிஷை எடுத்துப் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மாமர நிழலில் நாற்காலி போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றித் தெரெரே மூலிகைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான். சீப்பா ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரி கேட்டாள். "என்ன நிமியா, ஜப்பான்காரிய வித்துடப் போறீங்களாமே?" எனக்குச் சுருக்கென்றது. ரொட்டியும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்ப."

"அப்படின்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?"

"பெலெனுக்கு அடுத்த மாசம் பிரசவம். எங்கார்னாசியோன் வரைக்கும் போகணும். இந்த ஜப்பான்காரி பாதி வழியில கொதிச்சு நின்னுருவா. அப்புறம் பேரப்பிள்ளை நடந்து வந்துதான் நம்மளக் கூட்டிட்டுப் போகணும்."

பெலென் எங்கார்னாசியோனில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள். எவெலியோ சொன்னது நியாயம்தான். எனக்குப் பிடிக்காததே அதுதான். அவன் பக்கம் நியாயம் இருந்தால் நான் எதை வைத்துச் சண்டை போடுவது? வண்டியை விற்கக் கூடாது என்பதற்கு என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அதை அவனிடம் வாய் திறந்து சொல்ல முடியாது.

ஜப்பான்காரி என்பது எங்கள் கார். நாலு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், ஆயிரத்து எண்ணூறு சிசி, ஆட்டோமேட்டிக் கியர், சாம்பல் நிறம். டிக்கியில் ஒரு முழுப் பன்றியும் இரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கும் தாராளமாகப் போகும். பெலெனின் கல்யாணத்துக்கு அப்படித்தான் போனது. சாவியைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று எங்கள் காக்குபே ஊரில் யாருக்கும் தெரியாது. எவெலியோ தினமும் தொப்பியைத் தொட்டு, "உனக்கும் காலை வணக்கம், அம்மணி" என்பான்.

ஜப்பானில் வலது கைப் பக்கம் ஸ்டீயரிங்கோடு ஓடிக்கொண்டிருந்தவள், சிலே துறைமுகம் வழியாகப் பராகுவாய்க்கு வந்து சேர்ந்தாள். இங்கே எல்லோரும் செய்வதுபோல் ஒரு பட்டறையில் டாஷ்போர்டைக் கிழித்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாற்றினார்கள். மாற்றினவர்கள் ஸ்டீயரிங்கையும் மிதிகளையும் மட்டும்தான் மாற்றினார்கள். மிச்சமெல்லாம் பிறந்த இடத்திலேயே இருந்தது. நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கும் பொத்தான் என் கதவில். பெட்ரோல் மூடியைத் திறக்கும் கொக்கி என் சீட்டுக்குக் கீழே. பானெட்டைத் திறக்கும் பிடி என் முழங்காலுக்குப் பக்கத்தில். பெட்ரோல் பங்கில் என்னைக் கேட்காமல் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. அவனுக்கு ஸ்டீயரிங், மற்ற அரசாங்கமெல்லாம் எனக்கு.

இவை ஊருக்கே தெரிந்தவை. எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு.

சின்ன வயதில் மாமாவின் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து தக்காளிப் பெட்டிகளோடு மலைச்சரிவில் இறங்கினேன். பிரேக் பிடிக்கவில்லை. மாமா மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பள்ளத்தில் தக்காளிகளுக்கு நடுவே கிடந்தேன். எது ரத்தம் எது சாறு என்று எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் எந்த வண்டியிலும் நான் முன்னால் உட்கார்ந்ததில்லை. பேருந்தில் கடைசி சீட், கண்ணை மூடிக்கொண்டு ஜெபம். எவெலியோ ஆசை ஆசையாய் இந்தக் காரை வாங்கி வந்தபோதும் நான் ஏறவில்லை. பக்கத்துச் சீட்டில் தொப்பியை வைத்துக்கொண்டு தனியாகத்தான் சுற்றினான். பாவமாக இருந்தது. ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏறினேன். முதல் வளைவில் பயத்தில் காலை ஓங்கி ஊன்றினேன். வண்டி நின்றது.

அப்புறம் அவன் இல்லாத நேரத்தில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிரேக்கின் உயிர் இன்னும் வலது பக்கத்தில்தான் இருந்தது. இடது பக்க மிதியிலிருந்து டாஷ்போர்டுக்கு அடியில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி ஓடி வந்து அதை அமுக்கியது. விரிப்புக்குப் பின்னால் என் கால் படும் இடத்தில் அந்தக் கம்பி. அதை மிதித்தால் வண்டி நிற்கும். மாமாவின் லாரியில் எனக்கு இல்லாமல் போனது இங்கே என் காலடியில் இருந்தது. அன்றிலிருந்து தெர்மாஸ் மடியில், தெரெரே ஊற்றிக் கொடுக்கும் வேலை கையில், கால் கம்பியில். ஊரெல்லாம் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு போனேன்.

வண்டி திடீரென்று மெதுவாகும்போதெல்லாம் எவெலியோ, "ஜப்பான்காரிக்குப் பயம் வந்துருச்சு" என்பான். நானும், "பொம்பளைக்குப் புத்தி இருக்கு" என்பேன். விவரம் கெட்ட மனுஷன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அவன் வாங்கப் பார்த்து வைத்திருந்த வண்டியோ இடது பக்க ஸ்டீயரிங்கோடே பிறந்தது. என் பக்கத்தில் ஒரு மண்ணும் இருக்காது. மகளுக்குப் பிரசவம். அதில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாங்குகிறவர்கள் வந்தார்கள். டெர்லிஸ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வாய் ஓயாத பையன். அவன் மனைவி சுல்மா, ஆறேழு மாத வயிறு, பேச்சே இல்லை. எவெலியோ மார்பை நிமிர்த்திக்கொண்டு விவரம் சொல்லத் தொடங்கினான்.

"ஏசி இருக்கு தம்பி."

"இருக்கு. குளிர்தான் வராது," என்றேன் நான்.

"டிக்கி எவ்வளவு பெருசு பாரு."

"மழை பெஞ்சா மீன் வளர்க்கலாம்."

"பெட்ரோல் கொஞ்சமாத்தான் குடிக்கும்."

"அதுக்குப் பதிலா தண்ணியா குடிக்கும்."

எவெலியோ என்னை முறைத்தான். "அக்கா உண்மையச் சொல்றாங்க. அப்போ மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்று டெர்லிஸ் சிரித்தான். நான் வண்டியை எவ்வளவு திட்டினாலும் அவனுக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான்.

டெர்லிஸ் ஓட்டினான். பக்கத்தில் சுல்மா. எவெலியோவும் நானும் பின்னால். என் சொந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவது எனக்கு அவமானமாக இருந்தது. ஏரி தெரியும் அந்தப் பெரிய சரிவில் டெர்லிஸ் ஒரு கையால் ஏரியைக் காட்டிக்கொண்டே விட்டான் வேகம். சுல்மா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

கீழே சீப்பா ரொட்டி விற்கும் பெண்களை ஏற்ற ஒரு பேருந்து சட்டென்று நின்றது. டெர்லிஸ் ஒதுங்குவதற்கு இண்டிகேட்டரைத் தட்டினான். மற்ற வண்டிகளில் இண்டிகேட்டர் இருக்கும் பக்கத்துக் குச்சி எங்கள் வண்டியில் வைப்பர். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஆடியது. அவன் திகைத்து அதையே பார்த்தான். நான் முன்சீட்டின் முதுகை உதைத்தேன். பயனில்லை. "ஐயோ!" என்று சுல்மா இரண்டு காலையும் ஊன்றினாள்.

வண்டி மூக்கைத் தாழ்த்தி, பேருந்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"நான் பிரேக்கை மிதிக்கவே இல்லையே!" என்றான் டெர்லிஸ்.

"நான்... காலை வச்சேன். அதுவா நின்னுருச்சு," என்றாள் சுல்மா.

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. முகம் ஜிவ்வென்று சுட்டது. வெளியே பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"வண்டியில கோளாறு இருக்கா அண்ணே?"

எவெலியோ நிதானமாகத் தொப்பியைச் சரிசெய்தான். "கோளாறு இல்ல தம்பி. அது ஒரு வசதி. சொல்ல மறந்துட்டேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். அவன் என்னைப் பார்க்காமல் டெர்லிஸிடமே பேசினான்.

"ஸ்டீயரிங் மாத்தும்போது ஒரு கம்பி விட்டுட்டாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்தும் பிரேக் பிடிக்கலாம். வாங்கின புதுசுல நான் மிதிக்காமலே வண்டி நிக்குதேன்னு பட்டறைக்குக் கொண்டு போனேன். 'அக்கா கால் கம்பியில படுது, தகடு அடிச்சு மூடிடறேன்'னான் மெக்கானிக். மூடிடாதடா, அவ என்னை நம்பி ஏறல, அந்தக் கம்பிய நம்பித்தான் ஏறுறான்னு சொன்னேன். ரெண்டு பேர் மிதிக்கிறதால பிரேக் பேடுதான் சீக்கிரம் தேயும். மத்தபடி தொந்தரவில்ல."

பிரேக் பேடு! ஒவ்வொரு தடவை அது தேயும்போதும் 'நீ மிதிக்கிற மிதிக்கு மலையே தேயும்' என்று அவனை நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் எதிர்த்துப் பேசியதில்லை.

கதவைத் திறந்து இறங்கி ஏரியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தான்.

"நிமியா! நில்லு!"

"இத்தனை வருஷமா என்னை வச்சு வேடிக்கை பாத்திருக்க! நான் திருட்டுத்தனமா மிதிச்சிட்டு, முணுமுணுன்னு ஜெபம் பண்ணிட்டு..."

"ஜெபமும் கேட்டுச்சு."

"வெக்கமா இல்ல உனக்கு? ஏன் சொல்லல?"

மூச்சு வாங்க நின்றான். "சொன்னா நீ ரோஷப்பட்டுக் காலை எடுத்துருவ. காலை எடுத்தா வண்டில ஏற மாட்ட. அப்புறம் நான் யார் கூடப் போறது? தொப்பி கூடவா?"

எனக்கு அழுகை வந்தது. இந்த விவரம் கெட்ட மனுஷனை அன்றைக்குப்போல் நான் நேசித்ததே இல்லை. அதைச் சொல்லாமல், மூக்கைச் சிந்திவிட்டு, "சட்டைப் பொத்தானைப் போடு, பாக்குறாங்க" என்றேன்.

சுல்மா மெல்ல எங்களிடம் நடந்து வந்தாள். கணவனுக்குக் கேட்காத குரலில், "அக்கா, அந்தக் கம்பி எங்க இருக்குன்னு காட்டுறீங்களா?" என்றாள்.

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. எனக்கு அந்தக் கம்பி வேண்டும். உயிரைப்போல் வேண்டும். ஆனால் எவெலியோ ஏரியைக் காட்டிக்கொண்டு ஓட்டுகிறவன் இல்லை.

கூட்டிப்போய்க் காட்டினேன். குதிகாலை எங்கே ஊன்றுவது, வளைவில் எவ்வளவு அமுக்குவது, அப்புறம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பிறகு எவெலியோவிடம், "குடுத்துரு" என்றேன்.

"நிஜமாவா? நல்லா யோசிச்சியா?"

"குடுன்னா குடு."

டெர்லிஸ் தலையைச் சொறிந்தான். "அந்தக் கம்பிய மட்டும் மூடிக் குடுத்தீங்கன்னா..."

"மூடினா வண்டி கிடையாது," என்றேன். சுல்மா முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்த மாதம் புது வண்டியில் எங்கார்னாசியோனுக்குக் கிளம்பினோம். சாவியைத் திருகியதும் எவெலியோ தொப்பியைத் தொட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கீழே இறக்கிக்கொண்டான். என் கதவில் என் கண்ணாடிக்கு மட்டும் ஒரே ஒரு பொத்தான். பெட்ரோல் மூடி அவன் பக்கம், பானெட் அவன் பக்கம். ஆட்சி கவிழ்ந்துவிட்டது. முதல் திருப்பத்தில் அவன் ஜப்பான்காரியில் போடுவதுபோல் இண்டிகேட்டர் போட, வெட்ட வெளிச்சத்தில் வைப்பர் ஆடியது. சிரிப்பு வந்தது. ஆனால் சரிவு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

பழக்கத்தில் காலை ஊன்றினேன். ரப்பர் விரிப்பு, அதற்கடியில் தகரம், அவ்வளவுதான். தக்காளி வாசனை மூக்கில் ஏறியது.

வண்டி மெதுவானது.

வளைவில் மறுபடி ஊன்றினேன். மறுபடியும் மெதுவானது. எதிரே லாரி வந்தபோது, பசு குறுக்கே போனபோது, எப்போது என் கால் அமுங்கினாலும் வண்டி அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். மனுஷனின் ஒரு கண் ஓரமாக என் செருப்பின் மேல் இருந்தது.

"ரோட்டப் பாரு. என் கால்ல என்ன இருக்கு?"

"ரோட்டையும்தான் பாக்கறேன்," என்றான்.

தெரெரேக்குத் தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். சாலை நேராக, வெறிச்சென்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லாமல் கிடந்தது. சும்மா பார்க்கலாம் என்று கட்டைவிரலை மட்டும் லேசாக அமுக்கினேன். வண்டி மெதுவானது.